தாங்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இத்தகைய கூட்டத்திலே பேச எழும் மாணவர் கல்வி, ஒழுக்கம், சேவை என்பன பற்றிப் பேசுவதே வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயமோ சபையிற் பேசக் கூசுவதொன்று. சலப்பையிற் புற்றுநோய் கண்டவர்களுக்கு அப்பையினுள்ளேயே மருந்து விடும் சிகிச்சையையும், அதனால் வரும் உபாதைகளையும், அவற்றைச் சமாளிக்கும் வகையையும் பற்றிச் சொல்லப்போகிறோம். கூச்சத்தால் இதனைப் பேசாது விட்டமையால் எமது வீட்டில் நேர்ந்ததை முதலிற் கூறினால், ஏன் பேசுகிறோம் என்பது விளங்கும்.

எமது பெரியப்பா நாற்பது வருடம் சுருட்டுப் பிடித்தவர். புகையிலையின் நஞ்சு இரத்தத்திற் கலந்து, சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு, சலப்பையில் வந்து தங்குகிறது. சலப்பைப் புற்றுநோய்க்கு முதன்மையான காரணம் புகைத்தலே. ஒருநாள் நோவெதுவுமின்றி அவருக்குச் சலத்தோடு இரத்தம் போயிற்று. வைத்தியர்கள் சலவழியாகவே கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்தனர். புற்று தசைக்குள் இறங்கவில்லை. அது மீண்டும் முளையாதிருக்க, வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் பீ.சீ.ஜீ. மருந்து விடவேண்டும் என்றனர்.

முதலிரண்டு முறையும் பெரிய தொல்லையில்லை. மூன்றாம் முறையின் பின் அரை மணிக்கொரு தடவை சலம் முட்டிற்று. எரிவு தாங்க முடியவில்லை. சிறிது இரத்தமும் கண்டது. அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாலாம் வாரம் கிளினிக்குக்குப் போவதாகப் புறப்பட்டு, சந்தித் தேநீர்க்கடையில் இருந்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பினார். விடுமுறையில் வந்திருந்த நாம், கிளினிக் அட்டையில் அன்றைய திகதி பதியப்படாதிருந்ததைத் தற்செயலாகக் கண்டே உண்மையை அறிந்தோம். கேட்டபோது அவர் சொன்னார்: "உது வாய்விட்டுச் சொல்லுற வருத்தமோ தம்பி? மருந்து விடமுன்னம் எனக்கு உந்த எரிவு இல்லை. மருந்துதான் இப்ப வருத்தம்."

குற்றம் அவருடையது மாத்திரமன்று. மூன்று வாரமும் "போய் வந்தீர்களா?" என்று கேட்ட நாம், "எப்படி இருக்கிறது?" என்று ஒருமுறையேனும் கேட்டோமில்லை.

இனி, அம்மருந்து யாதெனப் பார்ப்போம். உங்கள் தோளைத் தடவிப் பாருங்கள். எமது நாட்டிற் குழந்தை பிறந்தவுடன் காசநோய் வராதிருக்க ஏற்றும் ஊசியின் தழும்பு பலருக்கு அங்கே இருக்கும். அந்தப் பீ.சீ.ஜீ.யே இதுவும். பிரான்சு தேசத்திலே கல்மெற் என்ற வைத்தியரும் கெரன் என்ற மிருகவைத்தியரும் 1908 தொடக்கம் 1921 வரை, மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரூட்டிய உருளைக்கிழங்கில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமையை அடக்கினர். 1976இல் கனடாவைச் சேர்ந்த மொறாலிஸ் என்ற வைத்தியர், அக்கிருமியைச் சலப்பையினுள் விட்டு ஒன்பது நோயாளரிடம் கண்ட பயனை வெளியிட்டார். வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்குக்கும் காரணமுண்டு. ஒருமுறை விட்ட மருந்தின் உபாதை அடுத்த வாரத்துக்குள் அடங்கிவிடும் என்று கண்டே அந்த இடைவெளி வைக்கப்பட்டது. ஆகவே உபாதை என்பது எதிர்பாராத விபத்தன்று. முதல் நாளிலிருந்தே கணக்கில் எடுக்கப்பட்ட ஒன்று.

எரிவு ஏன் வருகிறது? உயிருள்ள கிருமி பையின் சுவரிற் பற்றியதும், உடலின் காவற்படையாகிய வெண்குருதிக் கலங்கள் திரண்டு வந்து, கிருமியோடு புற்றுக் கலங்களையும் தாக்குகின்றன. அந்தப் போரின் வெப்பமே எரிவு. எரிவு குறைந்தவருக்கு மருந்து பலிக்கவில்லை என்றும் கொள்ளவேண்டாம்.

தாங்க வேண்டியவை இவை: அடிக்கடி சலம் முட்டுதல், எரிவு, ஓரிரு நாள் சிறிது இரத்தம், இலேசான காய்ச்சல், உடலலுப்பு. பெரும்பாலும் இவை இரண்டு மூன்று நாளில் அடங்கும். முறை ஏற ஏறச் சற்றுக் கூடவுங் கூடும். வைத்தியர் சொன்னபடி பனடோல் எடுக்கலாம். தசைப்பிடிப்புக்கும் மருந்துண்டு, கேட்டால் தருவார்கள். கோப்பி, கடுந்தேநீர், உறைப்புக் கறி ஆகியவற்றை அந்நாட்களிற் குறைத்தல் நன்று.

மருந்து விடும் நாளின் ஒழுங்கும் எளியதே. நாலு மணி நேரம் முன்னதாகவே பானங்களைக் குறைக்கவேண்டும். கதீற்றர் என்னும் மெல்லிய குழாயால் விட்ட மருந்தை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்கவேண்டும். நெரிசலான பஸ்ஸில் நின்றபடி இது முடியாது. ஆகையால் அந்நேரத்தை வைத்தியசாலையிலேயே கழிப்பது நல்லது. பின்வரும் ஆறு மணி நேரம் ஆண்களும் இருந்தே சலம் கழிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் மலசலகூடத்திற் குளோரின் திரவத்தை ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்றவேண்டும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். அதன்பின் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். எமது வீடுகள் பலவற்றில் மலசலகூடம் வளவின் பின்புறத்தில் இருப்பதால், இரவில் வழிக்கு ஒரு விளக்குப் போட்டுவைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

இனி, சொல்லியே ஆகவேண்டியவை. காய்ச்சல் 38.5 பாகை செல்சியசுக்கு, அதாவது ஏறக்குறைய 101 பாகை பரனைற்றுக்கு, மேலேறி ஒரு நாளுக்கு மேல் நின்றாலும், குளிர்நடுக்கம், மூட்டு நோவு, விடாத இருமல், கண் மஞ்சளித்தல், சலம் அடைத்தல் ஆகியவற்றுள் எது வந்தாலும் அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். அடக்கப்பட்ட கிருமியானாலும் அது உயிருள்ளது. இரத்தத்திற் புகுந்தால் உடலெங்கும் பரவும். அப்போது காசநோய் மருந்துகள் கொடுத்தே மாற்றவேண்டும். இது அரிது, ஆனால் வாரங்கள், மாதங்கள் கழிந்தும் வரலாம். வேறெந்த வைத்தியரிடம் சென்றாலும் "எனக்குப் பீ.சீ.ஜீ. விட்டார்கள்" என்று சொல்லவேண்டும்.

அடுத்த முறைக்குப் போகும்போது இரத்தம் நிற்காதிருந்தாலோ, சலத்திற் கிருமித்தொற்று இருந்தாலோ, அன்று மருந்து விடலாகாது. புண்வழியே கிருமி இரத்தத்தில் ஏறிவிடும். எனவே உபாதையை மறைத்துச் சிகிச்சையைக் கைவிடுவதும் ஆபத்து. மறைத்துக்கொண்டே மருந்தை ஏற்பது அதனிலும் ஆபத்து. சொல்லிவிட்டால் வைத்தியருக்கு வழிகள் பலவுண்டு: ஒரு வாரம் பிற்போடலாம், தொற்றை மாற்றலாம், மருந்தின் அளவைக் குறைக்கலாம்.

பெரியப்பாவை மறுநாளே நாம் அழைத்துச் சென்றோம். வைத்தியர் கடிந்துகொள்ளவில்லை. சலத்தைச் சோதித்து, ஒரு வாரம் ஆறவிட்டு, மீண்டும் தொடங்கினார். ஒரு கொப்பியில் எத்தனை முறை சலம், எவ்வளவு காய்ச்சல், எப்படி எரிவு என்று நாம் கேட்டுக் கேட்டு எழுதினோம். முதல்நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விடை சொன்னவர், ஆறாம் வாரத்தில், "தம்பி, கொப்பியைக் கொண்டு வா" என்று தாமே அழைத்தார். மூன்று மாதத்தின் பின் உள்ளே பார்த்தபோது புற்றுத் தென்படவில்லை. எனினும் காலந்தோறும் பார்க்கவேண்டும். இடையிடையே மூன்று வார மருந்தும் உண்டு. சுருட்டை அவர் விட்டுவிட்டார்.

பெரியோர்களே, உங்கள் பொறுமையை நாம் அறிவோம். எரிவைப் பொறுங்கள், ஆனால் மறைக்காதீர்கள். இளைஞர்களே, வீட்டுப் பெரியவரைக் கிளினிக் வாசலில் இறக்கிவிடுவதோடு எமது கடமை முடிவதில்லை. உள்ளே கூடச் செல்லுங்கள். வந்தபின் அருகில் இருந்து கேளுங்கள். முதலிற் கேட்பவர் நாமாக இருந்தால், சொல்லும் கூச்சம் அவர்களுக்குப் பாதியாகும்.