ஐசன்ஹைம் சித்திரமும் ஏழையின் ரொட்டியும்



ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலம் என்று சொல்லப்படுகிற காலத்துச் சிலுவைப் படங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல முன்வந்திருக்கிறோம். இத்தாலியில் ரபேல் 1503 வாக்கில் எழுதிய படத்தில் ஏசுநாதர் ஆணியில் தொங்கியும் உறங்குகிறவர் போலவே இருக்கிறார். தேவதூதர்கள் இரத்தத்தைக் கிண்ணத்தில் ஏந்துகிறார்கள். அது ஒரு பணக்கார வியாபாரி கட்டிய பீடத்துக்கு எழுதியது. வலி வெகு மரியாதையாய் இருக்கிறது!

நாம் சொல்ல வந்தது வேறு. அல்சாஸ் பிரதேசத்து ஐசன்ஹைம் மடத்திற்காகக் குரூனவால்ட் என்பவர் 1512 முதல் 1516க்குள் எழுதிய சித்திரம், இப்போது கோல்மார் பட்டணத்துக் காட்சிசாலையில் இருக்கிறது. அதிலே ஏசுவின் மேனி பச்சை பாரித்து, உடம்பெல்லாம் முள் தைத்த புண்ணாகி, விரல்கள் முறுக்கி, பாதம் வீங்கிக் கிடக்கிறது. ஏன் இப்படி எழுத வேண்டும்? அந்த மடம் அந்தோணியார் சபையின் ஆஸ்பத்திரி. ‘அந்தோணியார் நெருப்பு’ என்ற வியாதியால் கைகால் எரிந்து, கறுத்து, அழுகி விழுகிற ஏழைகள் அங்கே வந்தார்கள். உன் கடவுளுக்கும் உன்னைப் போலவே புண் என்பதுதான் அவர்களுக்குக் காட்டப்பட்ட ஆறுதல்.

வியாதியோ ரொட்டியில் இருந்தது. ரை என்ற தானியத்தின் கதிரில் கறுப்புக் கொம்பு போல் முளைக்கும் பூஞ்சணமே அதன் விஷம். கோதுமை தின்ற சீமான்களைவிட ரை தின்ற குடியானவனையே அது அதிகம் வாட்டிற்று. மடத்தார் நோயாளிக்கு நல்ல ரொட்டி போட்டார்கள். அழுகிய உறுப்பை வெட்டியும் எடுத்தார்கள். அந்தத் தொண்டை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தோணியார் எலும்பில் ஊற்றி எடுத்த திராட்சை ரசத்தையும் கொடுத்தார்கள். சோற்றால் பிழைத்தவன் யாரைக் கும்பிட்டிருப்பான்?

அதே சித்திரத் தொகுதியில் பேய்களிடம் அடிபட்ட அந்தோணியார் படத்தின் மூலையில் ஒரு காகிதம் எழுதப்பட்டிருக்கிறது. என் காயத்தை ஆற்ற நீர் ஏன் வரவில்லை என்று ஏசுவைக் கேட்கும் கேள்வி அதில் இருக்கிறது. மடத்துச் சுவரிலேயே இருந்த கேள்வி, தோழர்களே!

1676இல் தொதார் என்ற பிரெஞ்சு வைத்தியர், கொம்பு விழுந்த ரையே காரணம் என்று பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதினார். படம் எழுதி முடித்து 160 வருஷம் ஆகியிருந்தது. நம் கம்புக் கதிரில் தேனொழுகல் என்கிறோமே, அதுவும் இந்த இனத்துப் பூஞ்சணமே. விதைக் கம்பை உப்புத் தண்ணீரில் கொட்டினால் நோய்ப்பட்டது மேலே மிதக்கும். அரித்து எறிந்து விடலாம்.