மழை பொது, நிலத்தடி நீர் யாருடையது?



இரட்டைமலை சீனிவாசன் பெயரால் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் தண்ணீரைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எல்லாச் சாதியாரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் அவர். அன்று தண்ணீரும் கண்ணுக்குத் தெரிந்தது, நம்மைத் தடுத்தவர்களும் தெரிந்தார்கள். இன்று தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. தடையும் அதோடு மறைந்துகொண்டது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் ஏரிப்பாசன ஊர்கள். ஏரிநீரில் ஒரு பங்கு மடை வழியே வயலுக்குப் பாய்ந்தது. இன்னொரு பங்கு மண்ணில் ஊறி, கரைக்குக் கீழே இருந்த கிணறுகளை நிரப்பியது. இன்று ஆயக்கட்டில் பெரும்பகுதி வீட்டுமனையாகிவிட்டது. ஆனால் பூந்தமல்லிக்கு மேற்கே, திருவள்ளூர்ப் பக்கம், இன்னும் பயிர் விளைகிறது. அது பிழைக்க வேண்டுமானால் ஏரிகளைத் தூர்வார வேண்டும், வரத்துக்கால்வாய்களின் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும், ஓடைகளில் தடுப்பணை கட்டி மழைநீரை மண்ணுக்குள் இறக்க வேண்டும். இதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நம் கேள்வி வேறு. நூறுநாள் வேலையில் ஏரி மண்ணை வெட்டிச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் நம் சேரிப் பெண்களும் உண்டு. அப்படி ஊறிய நீர் யாருக்குப் போகிறது? தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமையை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் நில உரிமையாளருக்கே தருகிறது. மழை எல்லோருக்கும் பெய்கிறது, மண்ணுக்குள் போனதும் பட்டா உள்ளவருடையதாகிவிடுகிறது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்து வறட்சியில், சென்னையின் குடிநீருக்காகத் திருவள்ளூர் மாவட்ட விவசாயக் கிணறுகளின் நீர் விலைக்கு வாங்கப்பட்டது. கிணற்றுக்காரருக்குப் பணம் வந்தது. பயிர் நின்ற வயலில் நாற்று நட்டவருக்குக் கூலி போனது. கிணற்றை நிரப்பினால் மட்டும் விவசாயக் கூலி காப்பாற்றப்படுவதில்லை என்பதை நாம் அப்போதே கண்டோம்.

ஆகவே நீர்ச் செறிவூட்டலை நில உரிமையிலிருந்து பிரிக்க முடியாது. 1891இல் திரமென்ஹீர் அறிக்கை எழுதியது செங்கல்பட்டு மாவட்டத்தைப் பற்றி. பூந்தமல்லியும் ஆவடியும் அன்று அந்த மாவட்டத்தில் இருந்தவை. அந்த அறிக்கையின் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலங்களை மீட்க வேண்டும், மீட்ட நிலத்தில் பொதுக் கிணறு வெட்ட வேண்டும். பாசனச் சங்கங்களில் நிலமற்ற கூலித் தொழிலாளருக்கும் வாக்கு வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊர் ஏரியின் ஆயக்கட்டுப் பதிவேட்டையும் பஞ்சமி நிலக் கணக்கையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.