மடங்கு என்றால் என்ன?
(மங்கலம்பேட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணக்குப் பாடம் நடத்தவா வந்தீர்கள் என்று கேட்பீர்கள். ஆம், அதற்குத்தான் வந்தோம். கணக்குத் தெரியாதவன் தலையில்தான் மிளகாய் அரைக்கிறார்கள்.

பத்திரிகையைப் பிரித்தால் எல்லாமே "மடங்கு மடங்காக"ப் பெருகுகிறது. நாமும் சும்மா இல்லை. 200 ரூபாய்க் கூலியை 400 ஆக்கச் சொல்லி ஒரு நோட்டீஸ் போட்டோம். அதில் "இரண்டு மடங்கு உயர்வு" என்று அச்சடித்துவிட்டோம். பேச்சுவார்த்தையில் மிராசுதார் தரப்பு பிடித்துக்கொண்டது: "இருப்பது 200, உயர்வு 400, ஆக 600 கேட்கிறீர்களா?" அரை நாள் அதிலேயே போயிற்று. "இரண்டு மடங்காக்கு" என்று எழுதியிருந்தால் வம்பில்லை. தப்பு நம்முடையதுதான்.

இன்னொன்று பாருங்கள். 2022 ஏப்ரலில் சில்லறை விலைவாசி முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 7.79 வீதம் ஏறியிருந்தது. 2023 ஏப்ரலில் அந்த வீதம் 4.7. உடனே "பணவீக்கம் குறைந்தது" என்றார்கள். விலை குறைந்ததா? 2021-ல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் அந்த வீதப்படி 2022-ல் 107 ரூபாய் 79 காசு, 2023-ல் ஏறக்குறைய 113. பனை ஏறுகிறவன் கொஞ்சம் மெதுவாக ஏறினால், அவன் இறங்குகிறான் என்றா சொல்வோம்?

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2023-24-ல் கூலி 294 ரூபாய், 2024-25-ல் 319. நூற்றுக்கு எட்டரை வீத உயர்வு! காதுக்கு இனிக்கிறது. கைக்கு வந்தது 25 ரூபாய். லட்ச ரூபாய் சம்பளக்காரருக்கு அதே எட்டரை வீதம் 8,500 ரூபாய்.

அப்படியானால் மடங்கு மடங்காகப் பெருகுவது எது? வேகமாக ஏறுவதெல்லாம் அது அல்ல. மாதந்தோறும் ஆயிரம் கூடினாலும் அது நேர் ஏற்றமே. ஏறியதன் மீதே மறுபடி ஏறுவதுதான் மடங்குப் பெருக்கம். அது நம் வீட்டிலேயே இருக்கிறது: வட்டி நோட்டில்!

1,000 ரூபாய் கடன், பத்து வட்டி. முதல் மாதம் எப்படிப் பார்த்தாலும் 1,100. இரண்டாம் மாதம் தனி வட்டி என்றால் 1,200. கட்டாத வட்டிக்கும் வட்டி போட்டால் 1,210. பத்து ரூபாய்தானே என்று விட்டுவிடுகிறோம். ஓராண்டில் முன்னது 2,200, பின்னது 3,138. இரண்டாண்டில்? 3,400 எங்கே, 9,850 எங்கே!

அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டமே வந்தது. ஆனால் நோட்டில் எழுதியதைக் கூட்டிப் பார்ப்பது யார்? வட்டி நோட்டு வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். விளக்கடியில் உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.