கேள்வியில் தொடங்கும் அறிவியல்
(டெங்கிலில் தோட்டப் பெற்றோரிடையே ஆற்றிய உரை)



சிக்கல் ஒன்றை முன்வைத்துப் பாடம் கற்பிக்கும் முறை, 1969ஆம் ஆண்டில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தோன்றியது. இன்று அது தொடக்கப்பள்ளி அறிவியலுக்கும் வந்துள்ளது.

‘மரத்தை விடியற்காலையில் வெட்டுவது ஏன்?’ என்று ஆசிரியர் வினவுவதாகக் கொள்வோம். மாணவர் முதலில் ஊகிப்பர். அடுத்து உங்களிடம் கேட்டறிவர். விடியலில் வெட்டிய மரங்களின் மங்குகளையும், வெயில் ஏறியபின் வெட்டியவற்றின் மங்குகளையும் கைப்பேசியில் படமெடுத்து ஒப்பிடுவர். அதன் பின்னரே காணொளியில் காரணத்தைத் தேடுவர். குளிர்ந்த வேளையில் இலைவழியே வெளியேறும் நீர் குறைவு. ஆதலால் பட்டையிலுள்ள பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்து, பால் நன்கு ஓடுகிறது.

இவ்வரிசை முக்கியம். கைப்பேசி முந்திக்கொண்டு விடை சொல்லிவிட்டால், பிள்ளையின் சிந்தனைக்கு வேலை இல்லை. நம் நாட்டில் 1972இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2021இல் டிடிக் டிவி வந்தது. கருவிகள் மாறினாலும் சிந்திக்க வேண்டியவர் மாணவரே.

ஆகவே, பிள்ளைகள் கேட்கும்போது ‘எனக்கென்ன தெரியும்?’ என்று ஒதுங்காதீர்கள். பல்லாண்டுகள் மரத்தோடு பழகிய உங்கள் அனுபவம் எந்தக் காணொளியிலும் கிடைக்காது. கண்டதைச் சொல்லுங்கள்; காரணத்தை அவர்கள் தேடட்டும்.