கிமோனோவின் விலையும் மதிப்பும்

ஜப்பான் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றும் பொருள்களுள் கிமோனோவும் ஒன்று. படத்திலேனும் அதனைக் காணாதவர் நம்முள் இலர். ஆயினும், வயது வந்த ஒருவர் தம் கைப்பணத்தைக் கொண்டு, அளவான செலவில், உண்மையான கிமோனோ ஒன்றினை வாங்க விரும்பினால் என்ன செய்வார்? இக்கேள்விக்கு விடை காணப் புகுந்தால், அந்நாட்டின் நெசவு, குடும்ப வழக்கம், மாறிவந்த வாழ்க்கை ஆகிய மூன்றையும் ஒருங்கே அறிந்துகொள்ளலாம்.

முதலில் கிமோனோ என்பது யாது என்று பார்ப்போம். 'கிரு' என்றால் உடுத்துதல். 'மோனோ' என்றால் பொருள். உடுத்தும் பொருள் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். இதற்கென நெய்யப்படும் துணிக்கு 'தன்மோனோ' என்று பெயர். அகலம் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். நீளம் 12 மீட்டருக்குச் சற்று மேல். இந்த ஒரே சுருளை வளைவின்றி நேர்க்கோடாகவே வெட்டி, எட்டுத் துண்டுகளாக்கித் தைக்கின்றனர். உடலுக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு, முன்புறம் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிக்கு இரண்டு, கழுத்துப்பட்டைக்கு ஒன்று, அதன் மேலுறைக்கு ஒன்று. வெட்டி எறியும் துணி அநேகமாக இல்லை எனலாம்.

இத்தையலில் ஓர் அறிவு நுட்பம் அமைந்திருக்கிறது. பழைய முறைப்படி சலவை செய்யும்போது, கிமோனோவின் தையல்களையெல்லாம் பிரித்துத் துண்டுகளை மீண்டும் ஒரே நீளத் துணியாக இணைத்துக்கொள்வர். அதனைக் கழுவி, மூங்கிற் குச்சிகளால் விறைப்பாக இழுத்து உலர்த்தி, மறுபடியும் உடையாகத் தைப்பர். இதற்கு 'அராய்ஹரி' என்று பெயர். வெளிறிய பக்கத்தை உள்ளே திருப்பலாம். தாயின் உடையை மகளின் அளவுக்கு மாற்றலாம். ஒரு தலைமுறையோடு முடிந்துவிடாத உடை இது. பழைய கிமோனோவை வாங்குவது ஏன் அங்கே இயல்பான செயலாக இருக்கிறது என்பதற்கு விடை இங்கேயே கிடைக்கிறது.

1868ஆம் ஆண்டில் தொடங்கிய மெய்ஜி ஆட்சிக் காலத்தில் மேனாட்டு உடை ஜப்பானில் புகுந்தது. அலுவலர், படைவீரர், மாணவர் எனப் படிப்படியாகப் பலரும் அதனை ஏற்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கிமோனோ அன்றாட உடை என்னும் நிலையிலிருந்து விலகி, திருமணம், தேநீர்ச் சடங்கு, விழா ஆகியவற்றுக்கு உரிய உடையாயிற்று. அடிக்கடி உடுத்தாத பொருளை மக்கள் அடிக்கடி வாங்குவதில்லை. வாங்குவோர் குறையக் குறையப் புதிய கிமோனோவின் விலை ஏறிற்று. வயது வந்தோர் நாள் என்னும் விழாவில் இளம்பெண்கள் நீண்ட கைகளையுடைய 'புரிசோதே' என்னும் கிமோனோவை அணிவர். 2000ஆம் ஆண்டு முதல் இவ்விழா சனவரி மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமையில் நடைபெறுகிறது. பட்டினால் புதிதாகச் செய்த புரிசோதே ஒன்றின் விலை பல இலட்சம் யென் வரை செல்லும். ஆதலின் பெற்றோர் பலர் அதனை ஒரு நாள் வாடகைக்கே பெறுகின்றனர்.

இனி, குறைந்த செலவில் வாங்க விரும்புவோர்க்கு உள்ள வழிகளைக் கூறுகிறேன். பருத்தியாலான 'யுகாதா' என்னும் கோடைக்கால உடையைப் புதிதாகவே சில ஆயிரம் யென்னுக்கு வாங்கலாம், வீட்டிலேயே துவைக்கலாம். செயற்கை இழையாலான கிமோனோவும் உண்டு. மழைக்கும் கறைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பட்டின் வீழ்ச்சியும் மென்மையும் அதனிடம் இரா. மூன்றாவது வழி, பிறர் உடுத்திய பட்டுக் கிமோனோவை வாங்குவது. பாட்டிமார்கள் மரப்பெட்டிகளில் மடித்து வைத்தவை பேரப்பிள்ளைகளுக்குத் தேவைப்படாமல் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. வருவது மிகுதி, வாங்குவோர் குறைவு. எனவேதான் கையால் தைத்த நல்ல பட்டு உடையும் சில ஆயிரம் யென்னுக்குக் கிடைக்கிறது. கியோட்டோ நகரிலே தோஜி கோயிலில் மாதந்தோறும் 21ஆம் நாளும், கித்தானோ தென்மாங்கு கோயிலில் 25ஆம் நாளும் கூடும் சந்தைகளில் இத்தகைய உடைகள் குவியல் குவியலாக விற்கப்படுகின்றன.

சுற்றுலாப் பயணிகளுக்கென்று விற்கப்படும் பளபளப்பான அங்கிகளும் உண்டு. முதுகில் பறவையோ மலரோ அச்சிட்டிருக்கும். குளித்தபின் மேலே போர்த்திக்கொள்வதற்கு அவை உதவலாம். அவற்றைக் கிமோனோ என்று கொள்வதற்கில்லை. உண்மையான கிமோனோவில் முதுகின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு தையல் இருக்கும். தோளின்மேல் தையல் இராது. துணியின் குறுகிய அகலமே இதற்குக் காரணம். இந்த ஒரு குறிப்பை நினைவில் வைத்தாலே பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தை நான் கியோட்டோவில் கழித்தேன். என் மகள் அங்கே ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். உடன் பணிபுரிந்த தோழியின் திருமணத்திற்கு அழைப்பு வந்திருந்தது. கிமோனோ உடுத்தி வந்தால் மகிழ்வேன் என்று தோழி கேட்டிருந்தாள். உதவித்தொகையில் வாழும் மாணவிக்குப் புதிய பட்டுடை எட்டாத கனி. "வாடகைக்கு எடுத்தால் ஒரு நாளோடு போய்விடும் அப்பா, சிறியதானாலும் என்னுடையதாக ஒன்று வேண்டும்" என்றாள். இருவரும் பழைய உடைக் கடை ஒன்றுக்குச் சென்றோம். கடையை நடத்தியவர் முதிய அம்மையார் ஒருவர்.

மகள் முதலில் கருநிறமான ஓஷிமா ட்சுமுகி ஒன்றைக் கையில் எடுத்தாள். அமாமித் தீவில் நெய்யப்படும் பட்டு அது. இழைகளை ஒரு மரத்தின் சாற்றிலும் இரும்புச் சத்து மிக்க சேற்றிலும் மாறி மாறித் தோய்த்து அந்தக் கருமையைப் பெறுகின்றனர். அம்மையார் புன்னகையோடு தலையசைத்து, "மகளே, இது விலை உயர்ந்ததுதான்; ஆனால் திருமணத்திற்கு ஆகாது" என்றார். அதன் காரணத்தையும் விளக்கினார். இழைக்கு முன்னரே சாயமேற்றி நெய்த கிமோனோ, எத்துணை விலை உயர்ந்ததாயினும், முறைப்படி வெளியில் சென்றுவரும் உடையே ஆகும். வெண்பட்டை நெய்து முடித்தபின் சாயமேற்றியதே சடங்குக்கு உரியது. விலையும் தகுதியும் வேறு வேறு என்பதை அம்மையார் எவ்வளவு எளிமையாகக் கூறிவிட்டார்!

பின்னர் அவர் இளமஞ்சள் நிறத்தில், பூவேலையற்ற, முதுகில் ஒரே ஒரு குலக்குறி பொறித்த பட்டுக் கிமோனோ ஒன்றை விரித்துக் காட்டினார். விலை ஆறாயிரம் யென். பிறர் குலக்குறியை நாம் அணியலாமா என்று மகள் தயங்கினாள். அது மூன்றும் ஐந்துமாகப் பூக்கள் அமைந்த பவுலோனியா மரக்குறி. எக்குடும்பத்தாரும் அணியத்தக்கதாக வழங்கி வருவது. ஆதலின் தயக்கம் வேண்டா என்றார் அம்மையார்.

அடுத்து அளவு பார்த்தார். பெண்கள் உடுத்தும்போது இடுப்பில் மடித்துக் கட்டுவதால் நீளம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஈடுசெய்யலாம். ஏறத்தாழ உடுத்துபவரின் உயரமே உடையின் நீளமாக இருந்தால் போதும். ஆனால் பிடரியின் நடுவிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை உள்ள அளவை அவ்வாறு ஈடுசெய்ய இயலாது. முற்காலத்து மக்கள் உருவிற் சிறியவர். பழைய உடைகள் பலருக்குக் கைக்கு எட்டுவதில்லை. இதுவும் இரண்டு விரற்கடை குறைவாக இருந்தது. அம்மையார் கைப்பகுதியைத் திருப்பி, தையலுக்குள் மடித்து வைத்திருந்த துணியைத் தடவிக் காட்டினார். வெட்டாமல் மடித்தே தைத்திருந்தமையால், பிரித்து விட்டுக்கொடுக்கப் போதிய துணி இருந்தது. கழுத்துப்பட்டையிலும் கைமுனையிலும் கறை உண்டா, உள்துணி மஞ்சளித்திருக்கிறதா, தையலை மெல்ல இழுத்தால் பட்டு நைகிறதா என்பவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

பிரித்துத் தைப்பதற்கான கூலி எவ்வளவு என்று கேட்டோம். ஒன்பதாயிரம் யென் என்றார். உடையின் விலையைவிடக் கூலி மிகுதி! மகள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த மாதச் செலவுக் கணக்கு அவள் கண்ணில் தெரிந்தது. அம்மையார் வற்புறுத்தவில்லை. "துணி மலிந்துவிட்டது, கை மலியவில்லை. தைப்பவர்கள் குறைந்து வருகிறார்கள்" என்று மட்டும் சொன்னார். மகள் சற்று நேரம் எண்ணிப் பார்த்து, உடையையும் எடுத்துக்கொண்டு கூலியையும் கொடுக்க இசைந்தாள். இடைக்கச்சையாகிய 'ஓபி'யைத் தான் குடியிருந்த வீட்டு அம்மையாரிடம் இரவல் பெற்றாள். உள்ளங்கி, காலுறை, மிதியடி, கட்டுக்கயிறு ஆகியவற்றையும் கணக்கிட்டே இறங்க வேண்டும் என்பதை, மலிவு கண்டு மகிழ்வோர் மறந்துவிடுதல் கூடாது.

மாணவர்களே, இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய உடைக்குக் கொடுக்கும் பணம் அதனை நெய்தவருக்குப் போய்ச் சேர்வதில்லை. எல்லாரும் பழையதையே வாங்கினால் தறி நின்றுவிடும். புதியதே வாங்க வேண்டுமென்றால் எளியோர்க்கு அவ்வுடையே எட்டாது. ஜப்பானிய அரசு 1974ஆம் ஆண்டில் மரபுக் கைத்தொழில்களைக் காக்கச் சட்டம் ஒன்று இயற்றிற்று. அச்சட்டத்தின்படி ஏற்கப்பட்ட துணிகளில் அதற்குரிய முத்திரைச் சீட்டு ஒட்டப்பெறும். நெய்த ஊரையும் முறையையும் கூறும் சீட்டுத் துண்டினைப் பழைய உடையோடு சேர்த்து வைத்திருப்பவரும் உளர். அது கிடைத்தால் உடையின் பிறப்பை அறியலாம். யூக்கி என்னும் இடத்துக் கைந்நூற் பட்டு நெசவை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலும் சட்டமும் மதிப்பைத் தரும். தறியில் அமர்ந்திருப்பவரின் அடுப்பு எரிய வேண்டுமானால் வாங்குபவரும் வேண்டும். பழைய கிமோனோவோடு, முடிந்தபோது புதிதாக நெய்த சிறு பொருள் ஒன்றையேனும் வாங்குவது ஒரு நல்ல நடுவழி என்பது என் கருத்து.

இவ்வுடையோடு நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்பதை அறிந்தால் வியப்பீர்கள். எடோ காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து கோடிட்ட பருத்தித் துணிகள் டச்சு வணிகர் கப்பல்களில் ஜப்பானுக்குச் சென்றன. அவற்றுக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'சாந்தோமே' என்பது. நம் மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் என்னும் பெயரே கடல் கடந்து துணியின் பெயராயிற்று. எடோ நகரத்து வணிகர் அக்கோட்டுத் துணியை விரும்பி உடுத்தினர். பின்னர் அங்குள்ளோரே அதனைப் போல நெய்யலாயினர். இங்கே அதனை நெய்த கைகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஆகவே, பிற நாட்டார் உடையை வாங்க நேர்ந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எவ்வாறு செய்யப்பட்டது? எப்போது, எங்கே உடுத்தத் தக்கது? நான் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? இவற்றுக்கு விடை தெரிந்து வாங்கியவர், குறைந்த விலை கொடுத்திருந்தாலும் நிறைந்த பொருளை வாங்கியவரே ஆவார்.