பனிக்காலத்து விறாந்தை

இலங்கையில் விறாந்தை என்பது வெயிலுக்கு ஒதுங்கும் இடம். கடும் பகலில் சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டுக் காற்று வாங்குவதற்கென்றே அது கட்டப்பட்டது. அதனைச் சூடாக வைத்திருப்பது எப்படி என்று வினவினால், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் நேயர் நகைக்கவுங் கூடும். ஆனால் ஆண்டில் மூன்று நான்கு மாதங்கள் குளிரில் நடுங்கும் நாடுகளில் இது சிரிப்புக்குரிய வினாவன்று. கூரை உண்டு, சுவர் இல்லை. அத்தகைய ஓரிடத்தில் பனிக்காலத்திலும் மனிதர் விரும்பி அமர்வது எவ்வாறு? இதற்கு நெடுங்காலமாக விடை தேடி வந்தவர்கள் யப்பானியர்.

பழைய யப்பானிய வீட்டில் அறைக்கும் தோட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய மூன்றடி அகலத்தில் பலகைத் தளம் ஒன்று ஓடும். அதனை எங்காவா என்பர். அது அறையுமன்று, முற்றமுமன்று. அயலவர் வந்தால் செருப்பைக் கழற்றாமலே அதன் விளிம்பில் அமர்ந்து தேநீர் அருந்திச் செல்லலாம். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோஷிதா கென்கோ என்னும் துறவி, வீடு கட்டுவோர் கோடையையே மனத்திற் கொள்ள வேண்டும், பனிக்காலத்தை எங்ஙனமும் கழித்துவிடலாம் என்னுங் கருத்தினர். யப்பானியத் தச்சர் பெரும்பாலும் அவ்வழியே சென்றனர். ஆகவே வீடு கோடையில் இதமாயும் பனிக்காலத்திற் கொடிதாயும் அமைந்தது. துறவியாருக்குக் குளிர் ஒரு பொருட்டன்று போலும். வீட்டிலிருந்த கிழவர்க்கும் குழந்தைகட்கும் அப்படியன்று.

எனினும், கோடைக்கென்று நீட்டிய இறவாரமே பனிக்காலத்துக்கும் துணையாயிற்று. தோக்கியோ நகரில் ஆனி நடுப்பகுதியில் நண்பகற் சூரியன் அடிவானிலிருந்து ஏறக்குறைய 78 பாகை உயரத்தில் நிற்கும். மார்கழியில் அதே சூரியன் 31 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. இறவாரத்தின் நுனி தளத்திலிருந்து எட்டடி உயரத்தில் இருக்குமாயின், கோடை வெயில் அந்நுனியிலிருந்து இரண்டடிகூட உள்ளே வராது. பனிக்கால வெயிலோ பதின்மூன்றடி வரை நுழையும். இறவாரம் மூன்றடி, எங்காவா மூன்றடி என்று கழித்தாலும், அறைக்குள் ஏழடி தூரம் ஒளி படிந்து கிடக்கும். தெற்கு நோக்கிய விறாந்தைக்கு இயற்கை அளிக்கும் விறகு இதுவே. அவ்வெயிலிற் குளிர்காய்வதற்கு ஹினாதாபொக்கோ என்று தனிப்பெயரே அந்நாட்டில் உண்டு. அவ்விறவாரத்தில் காகிப் பழங்களைத் தோலுரித்துக் கயிற்றிற் கோத்து உலர்த்துவர். காற்றும் வெயிலும் அளவாய்க் கலக்கும் இடம் அதுவன்றோ!

வெயிலை அழைப்பது பாதி வேலை. காற்றைத் தடுப்பதே மறுபாதி. எங்காவாவின் உட்புறத்தில் ஷோஜி எனப்படும் காகிதக் கதவு. வெளிப்புறத்தில் அமாதோ எனப்படும் மரக் கதவு. பகலிற் கதவுகளை ஒதுக்கி வெயிலை வாங்கி, பொழுது சாயுமுன் அவற்றை இழுத்து மூடினால், இடையிலுள்ள மூன்றடிக் காற்று அசையாமல் அடைபட்டு அறைக்கு ஒரு போர்வையாகும். பிற்காலத்திற் கண்ணாடி மலிந்தபோது வெளிவிளிம்பிற் கண்ணாடிக் கதவும் வந்தது. காகிதக் கதவின் கீழ்ப்பாகத்திற் கண்ணாடி பதித்து, உட்கார்ந்தபடியே தோட்டத்துப் பனியைப் பார்க்கும் வகையும் உண்டு.

இவ்வளவுக்கும் பின்னரே நெருப்பு. ஹிபாச்சி என்பது சாம்பல் நிரப்பிய கணப்புச் சட்டி. அதன் நடுவே சில கரித்துண்டுகள். மேலே இரும்புக் கேத்தல். அதனால் விறாந்தை சூடாகாது, கைகள் மட்டுமே சூடாகும். கொதாத்சு இன்னும் நுட்பமானது. தளத்திற் பதித்த கரிக்குழியின்மீது மரச் சட்டம் வைத்து, அதன்மேற் பஞ்சுப் போர்வை விரித்து, வீட்டார் அனைவரும் அதனுள் காலை நீட்டி அமர்வர். 1950களின் பிற்பகுதியிலிருந்து மேசைக்கடியிற் பொருத்திய மின்சூடாக்கி கரியின் இடத்தைப் பிடித்தது. திறந்த வெளியின் காற்றைச் சூடாக்குவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். ஆதலின் இவர்கள் மனிதனையே சூடாக்கினர்.

இங்கே எச்சரிக்கையொன்று சொல்லியாக வேண்டும். காற்றுப் புகும் பழைய வீட்டிற் கரிநெருப்பு பெருந் தீங்கு செய்யவில்லை. அதே நெருப்பைக் கண்ணாடியும் கதவும் இறுக மூடிய இடத்தில் வைத்தால் அது கொலைகாரனாகும். கரி எரிகையில் எழும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் அது குருதியின் ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், உறக்கம். அவ்வுறக்கத்திலிருந்து பலர் எழுவதில்லை. இச்செய்தி யப்பானியர்க்கு மட்டும் உரியதன்று. ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில், தை மாசி விடியற்காலங்களிற் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. அங்கே விடுமுறைக்குச் செல்வோர், விறாந்தையில் இறைச்சி வாட்டிய கரி அடுப்பை, வீணாகிறதே என்று படுக்கையறைக்குள் தூக்கிச் செல்லலாகாது. தணல் சாம்பல் பூத்துக் கிடந்தாலும் நஞ்சு ஓய்வதில்லை. நான்கு புறமும் படங்கு கட்டி மறைத்த விறாந்தையும் இவ்வகையில் ஓர் அறையே. காற்று வரும் பக்கத்தை மறைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுவதே முறை.

வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை சென்ரிகிறேட் வெப்பம் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் அறிவுறுத்தியது. பழைய யப்பானிய வீடுகள் பல பனிக்காலத்தில் இவ்வளவை எட்டுவதில்லை. 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் தொடக்கம் அந்நாட்டிற் புதிதாய்க் கட்டும் வீடுகள் யாவும் வெப்பங் காக்கும் விதிகளுக்கு அமைதல் கட்டாயமாயிற்று. தடித்த சுவரும் இரட்டைக் கண்ணாடியும் கொண்ட அவ்வீடுகளிற் பலவற்றில் எங்காவாவுக்கு இடமில்லை. கிழவிக்குக் குளிர் விட்டது, நல்லதே. ஆனால் செருப்பைக் கழற்றாமல் வந்தமரும் அயலவர் இனி வாயிலில் மணியை அழுத்திக் காத்து நிற்க வேண்டும்.