கடைசியில் வரும் வினை: இன்றைய ஜெர்மன் கவிதையும் தமிழும்

ஜெர்மன் என்று நான் சொல்வது மொழியை. அதில் வியன்னாவும் சூரிச்சும் அடக்கம்.

ரில்கே, பிரெக்ட், பால் செலான் என்று நாம் தமிழில் படித்திருக்கும் ஜெர்மன் கவிஞர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வந்தவர்கள். உரைநடையில் காஃப்காவின் 'விசாரணை'யை ஏ.வி. தனுஷ்கோடி மூலத்திலிருந்தே கொண்டுவந்தார். கவிதைக்கு அந்தக் கொடுப்பினை அரிதாகவே வாய்த்தது. எந்த வழியாக வந்தால் என்ன, பொருள் வந்து சேர்ந்துவிட்டதே என்று கேட்கலாம். பொருள் சேர்ந்துவிடும். ஒரு வாக்கியத்துக்குள் செய்திகள் எந்த வரிசையில் நம் காதில் விழுகின்றன என்பது வழியிலேயே தொலைந்துபோகும். கவிதையில் பாதி அதுதான்.

ஜெர்மனில் துணை வாக்கியத்தின் வினை கடைசியில் வரும். யார், எங்கே, எதை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, என்ன ஆயிற்று என்பதை மட்டும் கவிஞர் அடுத்த வரிக்கு ஒத்திப்போடலாம். துணிச்சல்காரர் அடுத்த பத்திக்கே ஒத்திப்போடுவார். ஆங்கிலம் அந்த வினையை முன்னாலேயே போட்டு உடைத்துவிடும். தமிழுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இன்னொன்றும் உண்டு. 'நேற்றிரவு பனியில் நனைந்த கம்பளம்' என்று நாம் சொல்வதைப் போலவே, ஜெர்மன் எழுத்துநடையும் அடைகளையெல்லாம் பெயருக்கு முன்னால் அடுக்கும். ஆங்கிலத்தில் கம்பளம் முதலில் வந்துவிடும். நனைந்த கதை அதன் பின்னால் இழுபட்டு வரும். ஜெர்மன் பொத்திவைத்ததை ஆங்கிலம் அவிழ்க்கிறது, அவிழ்ந்துகிடப்பதை நாம் தமிழாக்குகிறோம். எல்லாவற்றிலும் ஜெர்மனும் தமிழும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. முதன்மை வாக்கியத்தில் ஜெர்மன் வினை இரண்டாம் இடத்தில் வந்து நின்றுகொள்ளும். பெயர்ச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்குவது அங்கே விதி. அதை மீறிச் சிறிய எழுத்திலேயே எழுதும் கவிஞர்களின் குறும்பு தமிழ் அச்சில் தெரியவே தெரியாது. போகட்டும்.

அந்தக் குறும்பைச் செய்பவர்களில் ஒருவர் யான் வாக்னர். 1971இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். மழைநீர் பிடித்துவைக்கும் பீப்பாயைத் தலைப்பில் கொண்ட அவருடைய 2014ஆம் ஆண்டுத் தொகுப்பு, 2015இல் லைப்சிக் புத்தகக் கண்காட்சியின் புனைவிலக்கியப் பரிசைப் பெற்றது. ஒரு கவிதை நூல் அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல் முறை. 2017இல் கேயோர்க் பியூஷ்னர் பரிசும் வந்தது. சானெட் போன்ற பழைய யாப்புகளை எடுத்து, இயைபை வேண்டுமென்றே சற்றுத் தளர்த்திக் கட்டுவது அவர் பாணி. இங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. நம் வினை கடைசியில் வருவதால் இயைபு கேட்காமலே வந்து விழும்: கின்றது, கின்றது, கின்றது. இரண்டு வரிக்குள் சினிமாப் பாட்டு வாடை அடித்துவிடும். வரிக்கடையை விட்டுவிட்டு அந்த ஓசையை எதுகையிலும் மோனையிலும் ஈடுகட்டுவதே சரி என்பது என் கட்சி. பழைய ஜெர்மானியச் செய்யுளும் மோனையில் நின்றதுதான். இறுதி இயைபு பிறகே வந்தது.

வாக்னரின் அத்தொகுப்பில் தோட்டத்தை விழுங்கும் 'கீர்ஷ்' என்ற களையைப் பற்றிய சானெட் ஒன்று இருக்கிறது. களையின் பெயரிலேயே பேராசையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் ஒளிந்திருக்கிறது. அதன் ஓசை கவிதை முழுக்கப் படர்கிறது. பார்த்தீனியம் என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றினால் கெட்டது. பார்த்தீனியத்தை யாரும் தின்பதில்லை. கீர்ஷின் இளந்தழையைப் பறித்துச் சமைக்கிறார்கள். முடக்குவாதத்துக்கு மருந்தாகவும் ஒருகாலத்தில் பயன்பட்டது. அதாவது அது ஒரு கீரை. கீர்ஷ், கீரை: மொழிபெயர்ப்பாளருக்குத் தானாகக் கிடைத்த மோனை. இதை விடுவாரா?

வியன்னாக்காரர் எர்ன்ஸ்ட் யாண்டில் (1925–2000) இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக இருந்து அமெரிக்கர்களிடம் கைதியானவர். 1957இல் அவர் எழுதிய கவிதை ஒன்று, பதுங்குகுழியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து உயிரெழுத்துகளை உருவிவிட்டு, மிஞ்சியவற்றைக் கொண்டே ஆனது. வாய்விட்டுப் படித்தால் துப்பாக்கிகள் வெடிக்கும். முடிவில், 'செத்த' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லும் உயிரெழுத்து இல்லாமல் கேட்கும். இதை ஒரு தமிழ் மாணவருக்கு விளக்க வேண்டியதே இல்லை. உயிரை எடுத்துவிட்டு மெய்களை மட்டும் கிடத்தியிருக்கிறார். நம் இலக்கணமே இந்தக் கவிதைக்கு உரை எழுதி வைத்திருக்கிறது. செய்வதுதான் கடினம். 'பதுங்குகுழி'யில் உயிரை நீக்கினால் ங், ழ் என்று மெல்லினமும் இடையினமும் வந்து சத்தத்தை அடக்கிவிடும். ஈழத்துப் பேச்சில் வழங்கிய 'பங்கர்' தேவலை: ப்ங்க்ர். அதுவும் முழுக் கவிதையைத் தாங்குமா என்பது ஐயமே. தாங்காவிட்டாலும் முயன்று பார்க்கத் தக்கது. இப்படிப்பட்ட கவிதையை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்க முடியாது. அங்கே போகும்போதே வேறு கவிதை ஆகிவிடுகிறது.

யாண்டிலின் வாழ்க்கைத் துணை ஃப்ரீடரிக்கே மைரேக்கர் (1924–2021). தொண்ணூறு வயதையொட்டி அவர் எழுதிய மூன்று நூல்கள், 2013இல் 'எட்யூட்', 2014இல் 'காயே', 2016இல் 'ஃப்ளேர்', உரைநடையும் கவிதையும் கலந்தவை. நாட்குறிப்பைப் போலத் தேதியிட்ட துண்டுகள். பூக்கள், கண்ணீர், கடிதம், இறந்துபோன துணைவர் என்று வாக்கியம் முடிய மறுத்து ஓடிக்கொண்டே இருக்கும். வந்து, பார்த்து, அழுது, எடுத்து என்று முற்றுப்பெறாமலே எவ்வளவு தூரமும் போகும் வினையெச்சம் நம்மிடம் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கு இப்படி ஒரு கருவி கிடையாது. எனக்குத் தெரிந்து மைரேக்கருக்கு இவ்வளவு தோதான மொழி வேறில்லை. மூலத்திலிருந்தே மொழிபெயர்க்கக்கூடிய, ஜெர்மன் படிக்கும் இளைஞர்கள் இந்த அரங்கில் சிலர் இருக்கிறீர்கள். பெர்லினிலிருந்து 1999 முதல் இயங்கும் 'லிரிக்லைன்' ஒலித்தொகுப்பில் கவிஞர்கள் தம் கவிதையைத் தாமே படிக்கிறார்கள்; அகராதியைத் திறக்குமுன் அதைக் கேளுங்கள். ஆங்கிலப் பிரதியும் மேசையில் இருக்கட்டும். ஐயம் வந்தால் புரட்டிக்கொள்ளலாம்.